ரோடு எதுவரை?

கிராம அபிவிருத்தி என்கின்ற பேச்சு நம் நாட்டில் இன்று நேற்று ஏற்பட்டதல்ல. மந்திரிகள் மாறினாலும், திட்டத்தின் பேர் மாறினாலும் இந்தப் பேச்சு மாத்திரம் மாறாமல் இருந்து வருகின்றது. 1952-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி சமுதாய அபிவிருத்தித் திட்டம் என்பது அமெரிக்காவின் உதவியோடு 55 இடங்களில் துவக்கப்பட்டது. 2000-ம் வருஷம் டிசம்பர் 25-ந் தேதி பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் வந்தது. 2004-ல் சுனாமி அடித்த பிறகு, 2005-ல் ஆசிய அபிவிருத்தி வங்கியானது தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்குமாக 20 கோடி டாலர் ஒதுக்கிற்று. அதே வங்கி 2021-ல் சென்னை முதல் கன்னியாகுமரி வரையுள்ள தொழில் வழித்தடத்தில் சுமார் 590 கிலோ மீட்டர் ரோடுகளைச் செப்பனிட 48 கோடியே 40 லட்சம் டாலர் கடன் கொடுக்கக் கையெழுத்துப் போட்டது. கிராமச் சாலைத் திட்டத்தின் நான்காவது கட்டமாக 62,500 கிலோ மீட்டர் ரோட்டுக்கு 70,125 கோடி ரூபாய் என்று 2024-ம் வருஷம் செப்டம்பரில் மத்திய சர்க்கார் முடிவு செய்தார்கள்.

இவைகளை நாம் குறை கூற வரவில்லை. ரோடு எதற்கு என்று கேட்கின்றவன் எவனாவது இருந்தால் அவன் ரோட்டோரத்தில் வீடு உள்ளவனாகத்தான் இருப்பான். ஆனால் இத்தனை கோடிக்கும், இத்தனை கிலோ மீட்டருக்கும் பிறகு நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருக்கின்றது. அந்த ரோடு எதுவரை போகின்றது? யாருடைய வாசல் வரை போய் நிற்கின்றது? இந்தக் கேள்வியைக் கேட்காமல், ரோடு வந்துவிட்டது என்று மாலை போட்டுக் கை தட்டுவது ஏமாந்து போவதே ஆகும்.

முதலாவது இந்தப் பணம் யாருடையது என்பதை யோசித்துப் பார்ப்போம். ரோடு திறப்பு விழாவில் பேசுகின்ற கனதனவான்கள் எல்லாம் ஏதோ தங்கள் வீட்டு நெல்லை விற்றுப் போட்டது போலவும், ஜனங்கள் கை கட்டி நன்றி செலுத்த வேண்டியது போலவும் பேசுகின்றார்கள். இது சுத்தப் புரட்டாகும். 1866-ம் வருஷத்திலேயே சென்னை மாகாணத்தில் ஜில்லா ரோடு வரிச் சட்டம் என்று ஒன்று செய்து, நிலத்தின் பேரில் ரோட்டுக்கென்று தனி வரி போட்டார்கள். நிலத்தில் உழுதவன் வியர்வையில் இருந்துதான் அந்த வரி வந்தது. 2000-ம் வருஷத்து மத்திய சாலை நிதிச் சட்டப்படி டீசலின் பேரில் வசூலித்த தனித் தீர்வையில் பாதியைக் கிராம ரோடுகளுக்கு ஒதுக்கினார்கள். டீசல் வரி என்றால் லாரி முதலாளி கொடுப்பது என்று நினைத்துவிடக் கூடாது. பஸ் டிக்கெட்டிலும், அரிசி விலையிலும், மோட்டார்ப் படகின் செலவிலும் அது வந்து விழுகின்றது. வெளி நாட்டு வங்கி கொடுப்பதாகச் சொல்லும் உதவியிலும் பெரும் பாகம் கடன். கடனுக்கு வட்டி உண்டு. அந்த வட்டியைக் கட்டுகின்ற கஜானாவில் உப்பளத்தில் வேலை செய்கின்ற பெண்ணின் காசும் சேர்ந்தேதான் இருக்கின்றது. ஆகவே ரோடு என்பது பிச்சையல்ல, பாத்தியதை. பாத்தியதை உள்ளவன் கும்பிட வேண்டியதில்லை. கணக்குக் கேட்க வேண்டியவன்.

நிற்க, ரோடு என்பது எதற்காக? சாகுபுரம், ஆறுமுகநேரி, காயல்பட்டினம், புன்னைக்காயல், ஆத்தூர், முக்காணி ஆகிய பகுதிகளில் உள்ள தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாகுபுரத்தில் 1950-களின் கடைசியில் பெரிய இரசாயனத் தொழிற்சாலை ஏற்பட்டது. அந்தத் தொழிலுக்கு உப்பு மூலப் பொருள். தொழிற்சாலை இருக்கும் இடத்துக்கு ரோடும் ரயிலும் தேடிக் கொண்டு வரும். ஏனெனில் சரக்கு போக வேண்டும். இது உலக வழக்கம், இதில் ஆச்சரியமில்லை. ஆனால் உப்பு தானாக விளைந்து தானாக லாரியில் ஏறுவதில்லை. விடிவதற்கு முன்பே எழுந்து, உப்பு நீரில் கால் வெடிக்க நின்று, வெள்ளைப் பாத்தியின் கூச்சம் கண்ணைக் குத்த, உப்பை வாரிக் குவிக்கின்ற ஆணும் பெண்ணும் இருக்கின்றார்கள். உப்புக்கு ரோடு வேண்டுமென்றால், உப்பை வாருகின்றவர்களுக்கு ரோடு வேண்டாமா?

இந்த ஜில்லாவின் மற்ற பிழைப்புகளையும் பாருங்கள். தேரிக் காட்டில் பனை ஏறுகின்றவன் கருப்பட்டி காய்ச்சுகின்றான். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு என்ற மரியாதையும் கிடைத்திருக்கின்றது. ஆனால் செம்மணலில் கால் புதையப் புதையச் சுமந்து வருகின்றவன், வழியில் வந்து வாங்குகின்ற வியாபாரி சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டியிருக்கின்றது. மழை பிடித்தால் கருப்பட்டி இளகிப் போகும்; இன்னொரு சந்தைக்குக் கொண்டு போக வழி கிடையாது. மீன் பிடிக்கின்றவன் கதியும் அப்படியே. மீன் காத்திருக்காது. ஐஸும் வண்டியும் வராத கரையில் முதல் ஏலத்தில் கேட்ட விலைதான் விலை. முன்பணம் கொடுத்தவனுக்கே மீனைக் கொடுக்க வேண்டும் என்ற கட்டும் இருந்துவிட்டால் ஏலம் என்பதும் வெறும் வேஷமாகிவிடும். மன்னார் குடாவின் முத்துக்கு உலகமெங்கும் பேர் இருந்தது. 1961-ம் வருஷத்தோடு தூத்துக்குடி முத்துக்குளிப்பு நின்று போயிற்று. அது நடந்த காலத்திலும், மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்கினவன் எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்குதான் அவனுக்கு. அந்தப் பங்கையும் கரையில் காத்திருக்கும் வியாபாரியிடமே அவன் விற்க வேண்டும்.

இவைகளில் இருந்து விளங்குவது என்ன? ஒரு மனிதன் தன் பண்டத்தையும், தன் உழைப்பையும் ஒரே ஒருவனிடம்தான் விற்க முடியும் என்றால், அந்த ஒருவனே அவனுக்கு எஜமான். இரண்டாவது ஒருவனிடம் போக வழி இருக்குமானால், அன்றைக்கே முதல் எஜமானின் குரல் தணிந்துவிடும். ரோடு என்பது இந்த இரண்டாவது வழிதான். ரோட்டின் மதிப்பை எத்தனை லட்சம் செலவாயிற்று என்பதை வைத்துப் பார்க்கக் கூடாது. அது போட்ட பிறகு கடைசித் தெருவில் இருப்பவன் எத்தனை பேரிடம் விலை கேட்க முடிகின்றது, எத்தனை இடத்தில் கூலி கேட்க முடிகின்றது என்பதை வைத்தே பார்க்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

இப்பொழுது சர்க்காரின் கணக்கு முறையைப் பார்ப்போம். கிராமச் சாலைத் திட்டத்தின் விதிப்படி, சமவெளியில் 500 பேருக்கு மேற்பட்ட ஜனங்கள் உள்ள குடியிருப்புக்கு எல்லாக் காலத்துக்கும் உதவும் ரோடு போட வேண்டும். கிராமம் என்று சொல்லாமல் குடியிருப்பு என்று சொன்னது நல்லதே. ஏனெனில் நம் நாட்டில் ஊர் என்பது ஒன்றாக இருப்பதில்லை. ஊர் வேறு, சேரி வேறு, குப்பம் வேறு. ஆனால் அதே விதியில் இன்னொன்றும் இருக்கின்றது. ஏற்கனவே உள்ள ரோட்டில் இருந்தோ, ரோடு வந்துவிட்ட குடியிருப்பில் இருந்தோ 500 மீட்டர் தூரத்துக்குள் இருந்தால் அந்தக் குடியிருப்பை ரோடு இல்லாத இடமாகக் கணக்கிட வேண்டியதில்லை. மேலும் 500 மீட்டர் சுற்றளவுக்குள் உள்ள குடியிருப்புகளின் ஜனத்தொகையை ஒன்றாகக் கூட்டிக் கொள்ளலாம்.

இதன் பலன் என்ன ஆகும் என்பதைத் தோழர்கள் யோசிக்க வேண்டும். ஊரில் 350 பேரும், 400 மீட்டர் தள்ளிச் சேரியில் 200 பேரும் இருப்பதாக வைத்துக் கொள்வோம். இரண்டையும் கூட்டினால் 550. ரோட்டுக்கு யோக்கியதை வந்துவிட்டது. ரோடு வந்து ஊர் நடுவில் நின்றுவிடுகின்றது. புஸ்தகத்தில் இரண்டு குடியிருப்புக்கும் ரோடு வந்ததாக எழுதியாகிவிட்டது. தலை எண்ணும்போது சேரிக்காரன் தலை வேண்டும். தார் போடும்போது சேரிக்காரன் தெரு வேண்டாம்! விதி எழுதினவர்கள் இந்த எண்ணத்தோடு எழுதினார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஜாதியால் பிரிந்து கிடக்கும் ஊரில் ஜாதியைக் கவனியாத கணக்கு, ஜாதிக்கே அனுகூலமாக முடியும். அந்த 400 மீட்டர் படிப்பவர்களுக்குச் சிறு தூரமாகத் தோன்றலாம். மழையில் பிரசவ வேதனைக்காரியைக் கட்டிலில் வைத்துத் தூக்குகின்றவனைக் கேட்டுப் பாருங்கள், அது எவ்வளவு தூரம் என்று சொல்வான்.

இது ஏதோ தாரும் ஜல்லியும் பற்றிய விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று ஞாபகப்படுத்த விரும்புகின்றோம். நம் நாட்டில் ரோடு என்பது எப்பொழுதும் மனிதனின் மரியாதையைப் பற்றிய விஷயமாகவே இருந்து வந்திருக்கின்றது. 1924-ம் வருஷம் மார்ச்சு 30-ந் தேதி வைக்கத்தில் துவங்கிய சத்தியாக்கிரகம் கோவிலுக்குள் போவதற்காக நடந்ததல்ல. கோவிலைச் சுற்றியுள்ள பொது ரோட்டில் மனிதன் நடப்பதற்காக நடந்தது. 1925 நவம்பரில் அது முடிந்தபோது மூன்று பக்கத்து ரோடுகள் திறந்தன; கிழக்குப் பக்கம் அப்பொழுதும் பாக்கியாகவே நின்றது. ஊ. பு. அ. சௌந்திரபாண்டியன் அவர்கள் இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்த காலத்தில், ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்காரர்களின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். ரோடு போட்டால் போதாது, அதில் ஓடும் வண்டியில் எல்லோரும் ஏற வேண்டும் என்பதை ஒரு ஜில்லா போர்டு தலைவர் அன்றைக்கே காரியத்தில் காட்டினார்.

அதெல்லாம் பழங்கதை என்பார்கள். 2019-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் வாணியம்பாடிக்குப் பக்கத்தில் நாராயணபுரத்தில் நடந்தது பழங்கதையா? பாலாற்றின் மேல் சர்க்கார் பணத்தில் பாலம் கட்டியிருந்தது. ஆனால் சுடுகாட்டுக்குப் போகும் வழியை நிலக்காரர்கள் மறித்துவிட்டபடியால், தாழ்த்தப்பட்ட ஜாதியார் ஒருவரின் பிணத்தைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். உயர்நீதிமன்றம் தானாகவே அதைக் கவனிக்க வேண்டி வந்தது. 2021-ம் வருஷம் டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுவிட்டு வந்த வயோதிக ஸ்திரீ ஒருவர், நாற்றம் அடிக்கின்றது என்று சர்க்கார் பஸ்ஸில் இருந்து இறக்கிவிடப்பட்டார். மீன் குழம்பு ருசிக்கின்றது, மீன் விற்றவள் நாறுகின்றாளாம்! அதே வருஷம் மே மாதத்தில்தான் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று சர்க்கார் உத்தரவு போட்டிருந்தார்கள். டிக்கெட் இல்லாமல் ஏறலாம் என்பது நல்ல சட்டம். ஆனால் ஏறினவளை இறக்கிவிடக் கூடாது என்ற புத்தியும் கூடவே வந்தால்தான் அந்தச் சட்டத்துக்கு உயிர் உண்டு.

இனி, ரோடு போட்டால் பணம் தானாகப் பெருகிவிடும் என்கின்ற இன்னொரு மூட நம்பிக்கையையும் பார்க்க வேண்டும். சாம் ஆஷர், பால் நொவோசாத் என்கின்ற பொருளாதார ஆராய்ச்சிக்காரர்கள் இருவர், இந்தக் கிராமச் சாலைத் திட்டத்தின் பலனை ஊர் ஊராகக் கணக்கெடுத்து 2020-ல் வெளியிட்டார்கள். அவர்கள் கண்டது என்னவென்றால், ரோடு வந்து சில வருஷங்கள் ஆன பிறகும் விவசாய விளைவிலோ, வருமானத்திலோ, சொத்திலோ பெரிய மாறுதல் காணவில்லை. ஆனால் விவசாயக் கூலியில் இருந்து வேறு வேலைகளுக்கு ஜனங்கள் மாறிப் போனார்கள். அதே ஆராய்ச்சிக்காரர்கள் அஞ்சலி அடுகியா என்பவரோடு சேர்ந்து செய்த மற்றொரு ஆராய்ச்சியில், ரோடு வந்த ஊர்களில் நடுத்தர வகுப்புகளில் படிக்கின்ற பிள்ளைகள் அதிகமானதையும் கண்டார்கள்.

இதைக் கேட்டவுடன் மிராசுதாரர்கள், பார்த்தீர்களா, ரோடு போட்டதால் கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை, கிராமமே பாழாகின்றது என்று அழத் துவங்குவார்கள். நாம் கேட்கின்றோம்: ஆள் போய்விடுகின்றான் என்றால், இதுவரை அவன் எதற்காக இருந்தான்? இஷ்டப்பட்டு இருந்தானா, போக வழி இல்லாமல் இருந்தானா? போக வழி கிடைத்தவுடன் போய்விடுகின்றான் என்றால், அவ்வளவு காலமும் அவனைக் கட்டி வைத்திருந்தது அன்பல்ல, வழியில்லாமைதான் என்பது ருஜுவாகின்றதல்லவா? ஆள் வேண்டுமென்றால் கூலியைக் கூட்டிக் கொடுக்கட்டும். பேர் சொல்லி மரியாதையாகக் கூப்பிடட்டும். கிராமத்தைக் காப்பாற்ற அதைவிட நல்ல வழி வேறொன்றும் கிடையாது.

ஆனால் எல்லோரும் ஊரை விட்டே போய்ப் பிழைக்க வேண்டும் என்பதும் நியாயமல்ல. உப்பு வாருகின்றவரும், மீன் பிடிக்கின்றவரும், பனை ஏறுகின்றவரும் இருந்த இடத்திலேயே மனிதராக வாழ வழி வேண்டும். அதற்குத்தான் ரோட்டோடு பிழைப்புத் திட்டமும் கூடவே வர வேண்டும் என்கின்றோம். சுனாமிக்குப் பிறகு விவசாய அபிவிருத்திக்கான சர்வதேச நிதி என்ற ஐ.நா. ஸ்தாபனத்தின் கடனைக் கொண்டு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் மூலம் கடற்கரை ஜனங்களுக்கென ஒரு பிழைப்புத் திட்டம் நடத்தப்பட்டது. அதில் மீனவர்கள் சேர்ந்து தங்கள் மீனைத் தாங்களே ஏலம் விடும் விற்பனைச் சங்கங்கள் ஒரு முக்கியமான அம்சமாகும். இது நல்ல யோசனை. ஏனெனில் முன்பணக்காரனின் கட்டை அறுப்பதற்குத் தனி மனிதனால் முடியாது; சங்கத்தால் முடியும். ஆனால் சங்கம் இருந்து ரோடு இல்லாவிட்டால் மீன் கரையில் நாறும். ரோடு இருந்து சங்கம் இல்லாவிட்டால் வியாபாரியின் லாரி இன்னும் சீக்கிரமாக வந்து மீனை அள்ளிக் கொண்டு போகும், அவ்வளவுதான் லாபம். ரோடு ஒரு இலாகா, பிழைப்பு ஒரு இலாகா என்று பிரித்து வைத்திருப்பது உத்தியோகஸ்தர்களுக்குச் சௌகரியமாக இருக்கலாம். உழைக்கின்றவனுக்கு இரண்டும் ஒன்றே.

வேலை இல்லாத காலத்தையும் கவனிக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் உப்பளத்தில் வேலை கிடையாது. 2022-ல் தமிழ்நாட்டு சர்க்கார் இந்தக் காலத்துக்கென்று உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் கொடுக்கத் துவங்கினார்கள். மூன்று மாதத்துக்கு 5,000 என்றால் நாள் ஒன்றுக்கு 55 ரூபாயும் கிடையாது. இதுவும் இல்லாத காலத்தை நினைத்தால் இது மேல்தான். ஆனால் இந்த மூன்று மாதத்திலேதான் தொழிலாளி முன்பணம் வாங்கி, அடுத்த வருஷத்து உழைப்பை இப்பொழுதே விற்றுவிடுகின்றான். அந்த மூன்று மாதமும் ரோடு ஒழுங்காக இருந்து, பக்கத்து டவுனில் வேறு வேலைக்குப் போய் வர முடியுமானால் முன்பணத்தின் பிடி தானாகத் தளரும். மழைக் காலத்தில் அறுந்து போகின்ற ரோடு, ஏழைக்கு எந்தக் காலத்தில் வேண்டுமோ அந்தக் காலத்தில் இல்லாத ரோடாகும்.

அறுந்து போவதைப் பற்றி இந்தப் பகுதியாருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. 2023-ம் வருஷம் டிசம்பர் 18-ந் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டி மீட்டர் மழை கொட்டிற்று. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. ஏரல் பாலத்தின் அணுகு ரோடு அடித்துக் கொண்டு போயிற்று. திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்று, சுமார் 800 பேர் தண்ணீருக்கு நடுவே மாட்டிக் கொண்டார்கள். தெய்வ கோபம் என்றும், தலையெழுத்து என்றும் சொன்னவர்கள் உண்டு. மழை பெய்வது இயற்கை. யாரும் தடுக்க முடியாது. ஆனால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது பள்ளம் மேட்டைப் பார்த்தால் தெரியும். ஓடுகின்ற வழியில் மண்ணைக் கொட்டி உயர்த்தி, போதிய சிறு பாலங்கள் வைக்காமல் ரோடு போட்டால், அது ரோடாக இராமல் அணைக்கட்டாகிவிடும். ஒரு பக்கத்து வீடுகளை முழுக்கிவிட்டு, கடைசியில் தானும் உடைந்து போகும். இதில் தெய்வத்துக்கு வேலை இல்லை. இன்ஜினீயருக்கும் கண்டிராக்டருக்கும்தான் வேலை. தலையெழுத்து என்று நாம் சொல்லச் சொல்ல, கண்டிராக்டருக்கு நல்ல எழுத்தாகிக் கொண்டே போகும்.

ஆகவே தோழர்கள் செய்ய வேண்டியது என்ன? விழாவுக்குப் போவதை நிறுத்திவிட்டு வேலை நடக்கும் இடத்துக்குப் போக வேண்டும். கிராமச் சாலைத் திட்டத்தின் விதிப்படி, ரோட்டின் பாதையை முடிவு செய்வதற்கு முன் இன்ஜினீயரும் பஞ்சாயத்துத் தலைவரும் ஜனங்களோடு அந்த வழி நெடுக நடந்து பார்க்க வேண்டும். அந்த நடையில் சேரிக்காரரும், குப்பத்துக்காரரும், பெண்களும் கலந்து கொண்டு, ரோட்டைத் தங்கள் தெரு முனை வரை இழுக்க வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் எந்த அடுக்கில் எவ்வளவு ஜல்லி, எவ்வளவு தார் என்று நம் பாஷையிலேயே போர்டு வைக்க வேண்டும் என்பதும் விதி. போர்டு இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். ரோடு போட்ட கண்டிராக்டரே 5 வருஷத்துக்குப் பராமரிக்க வேண்டும் என்பதும் விதி. இரண்டாவது மழையில் குழி விழுந்தால் அது உங்கள் விதியல்ல, அவர் ஒப்பந்தம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடுகின்ற கிராம சபையில் எழுந்து நின்று பேசுங்கள். பதில் வராவிட்டால் 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி எழுத்தில் கேளுங்கள்.

சர்க்காருக்கும் நாம் சொல்ல வேண்டியது உண்டு. 2023-ல் அயோத்திதாசப் பண்டிதர் பேரால், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு அடிப்படை வசதி செய்ய 5 வருஷத்துக்கு 1,000 கோடி ரூபாய் என்று தமிழ்நாட்டு சர்க்கார் தெரிவித்தார்கள். இதை வரவேற்கின்றோம். ஆனால் சேரிக்குத் தனித் திட்டம் இருக்கின்றது என்று சொல்லிப் பொதுத் திட்டத்தின் ரோட்டை ஊரோடு நிறுத்திவிடக் கூடாது. 500 மீட்டர் கணக்கில் விட்டுப்போன ஒவ்வொரு குடியிருப்பையும் பேர் பேராக எழுதி, ஊர்ச் சாவடியில் ஒட்ட வேண்டும். அந்த ஜாபிதா தீருகின்ற வரையில் எந்த ஜில்லாவிலும் ரோடு வேலை முடிந்துவிட்டது என்று சொல்லுவதற்கு யாருக்கும் யோக்கியதை கிடையாது.

வெளிநாட்டு வங்கி கடன் கொடுக்கட்டும்; டில்லியும் சென்னையும் திட்டம் போடட்டும். ஆனால் ரோட்டை அளக்க வேண்டியது டவுனில் இருந்தல்ல. கடைசித் தெருவின் கடைசி வீட்டு வாசலில் நின்று அளக்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் ரோடு தெரிகின்றதா என்பதே கேள்வி.